ஒரே ரிஃப்பை எத்தனை முறை வாசிப்பது?

ஹெவி மெட்டல் ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து மெட்டல் பாட்டு பதிவு செய்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: கிடாரையும் குரலையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்வது. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ரிதம் கிடாரை ஒரு தடவை வாசித்துவிட்டு, அந்த டிராக்கைக் காப்பி எடுத்து ஒன்றை முழு இடதுபக்கமும் இன்னொன்றை முழு வலதுபக்கமும் வைத்தேன். சத்தம் கூடியதே தவிர, ஆல்பங்களில் கேட்கிற அந்த அகலம் வரவில்லை. எங்கே தப்பு? (கோவை)

பதில்: காப்பி எடுத்த இடத்தில்தான். இரண்டு ஸ்பீக்கரிலும் அச்சு அசலாக ஒரே ஒலி வந்தால், காது அதை நடுவில் நிற்கும் ஒரே கிடாராகத்தான் எடுத்துக்கொள்ளும். அகலம் வித்தியாசத்திலிருந்து வருகிறது. அதே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியை) இரண்டாம் முறை வாசிக்கும்போது பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியைத் தொடும் நேரம் சில மில்லிசெகண்ட் முன்பின் ஆகும், கை அழுத்தம் மாறும், சுருதி இம்மியளவு நகரும். இந்தச் சில்லறை முரண்பாடுகளை வைத்துத்தான் ‘வாசிப்பது இரண்டு பேர்’ என்று காது முடிவு செய்கிறது.

காப்பியைப் பத்து மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் என்ன என்று அடுத்து கேட்கத் தோன்றும். ஹெட்ஃபோனில் அகலமாகத்தான் கேட்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும் எந்த இடத்திலும் (போன், சின்ன ப்ளூடூத் பெட்டி, கடை ஸ்பீக்கர்) 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல்போல வரிசையாக ஒலி அடிபட்டுப் போகும். கிடாரின் வயிறே அந்த இடங்களில்தான் இருக்கிறது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வாசிப்பது போல ஒரு ஒலி மிஞ்சும்.

இந்தக் குறுக்குவழிக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1966-ல் லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர், பீட்டில்ஸ் பாடகர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் அலுப்பைத் தவிர்க்க, குரலை இரண்டாவது டேப் மெஷின் வழியாகச் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். வேகத்தை லேசாக ஆட்டியதால் அதில் உயிர் இருந்தது. குரலுக்கு அது பொருந்தும். பிக் அடி ஒவ்வொன்றும் கத்தியாக விழவேண்டிய மெட்டல் ரிஃப்புக்குப் பொருந்தாது.

ஆகவே இரண்டாம் முறை வாசித்துத்தான் ஆகவேண்டும். க்ளிக் (தாளத்தை எண்ணிக் காட்டும் ‘டிக்’ ஒலி) ஓடட்டும். முதல் டேக்கை (முதல்முறை வாசித்த பதிவை) முழு இடதில் வையுங்கள். இரண்டாவதை வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் முதல் டேக் இடது காதிலும் உங்கள் கிடார் வலது காதிலும் கேட்கட்டும். இரண்டும் நடுவில் கலந்து கேட்டால் எது உங்கள் கை என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நான்கு அல்லது எட்டு பார் (தாளச் சுற்று) வீதம் எடுங்கள். இரண்டுக்கும் இடையே 10, 15 மில்லிசெகண்ட் விலகல் இருந்தால் அது அகலம். 30-ஐத் தாண்டினால் ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாகத் தடதடக்கும்.

ஒத்துப் பார்க்கும்போது ரிஃப் தொடங்கும் இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நிற்கும் இடத்தைப் பாருங்கள். உள்ளங்கையால் கம்பியை அடக்கி மௌனம் விழவேண்டிய இடத்தில் இடது கிடார் நின்று, வலது கிடார் இன்னும் கால் தாளம் ஊளையிட்டால் மொத்த இறுக்கமும் அவிழ்ந்துவிடும்.

கேள்வி: இரண்டு டிராக்கா, நான்கு டிராக்கா? எது ‘ஹெவி’? (திருச்சி)

பதில்: பாட்டின் வேகத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு டேக்கும் சேரச் சேர உடம்பு பெருக்கும், முனை மழுங்கும். நான்கு பிக் அடிகள் நான்கு நுண்ணிய கணங்களில் விழுவதால் ‘டக்’ என்று கேட்கவேண்டியது ‘ட்ரக்’ என்றாகிவிடும். மெதுவான, நீண்ட கார்டுகளில் ஓடும் பாட்டுக்கு நான்கு டிராக் சுகம். வேகமான த்ராஷ் ரிஃப்புக்கு இரண்டே போதும். பெரும்பாலும் இரண்டுதான் நல்லது. வெர்ஸ் பகுதிக்கு இரண்டு, கோரஸ் வரும்போது நான்கு என்று வைத்தால் ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரைத் தொடாமலே கோரஸ் விரியும்.

நான்கு வைப்பதென்றால் இரண்டாவது ஜோடியை வேறு ஆம்ப்பிலோ வேறு கிடாரிலோ எடுங்கள். கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை) முதல் ஜோடியைவிடக் கால் பங்கு குறையுங்கள். அளவில் 4 முதல் 6 டெசிபல் கீழே வையுங்கள். ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: தனித்தனியாக வாசித்த டேக்குகளை இரட்டிப்பாக்கினால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல்தான். நான்கு மடங்கு உழைத்தும் மொத்தத்தில் 6 டெசிபல்தான் கிடைக்கும். அந்தச் சத்தத்தை ஒரு குமிழைத் திருகியும் பெறலாம். நான்கு டிராக் எடுப்பது சத்தத்துக்காக இல்லை, தடிமனுக்காக.

அடுக்கே இல்லாமலும் கனம் வரும் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் இந்த இசையின் பிறப்புச் சான்றிதழையே பார்க்கலாம். பிளாக் சப்பத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபர் 16-ம் தேதி, லண்டனில், ஒரே நாளில் பதிவானது. ஏறக்குறைய மேடையில் வாசிப்பது போலத்தான் வாசித்தார்கள். தொடக்கத்து மழை, இடி, மணியோசை, இரண்டு பாடல்களில் இரட்டித்த சோலோ. மேலே சேர்த்தது அவ்வளவுதான். கனம் முழுக்கக் கிடார் கலைஞர் டோனி அயோமியின் ரிஃப்பிலும், ஸ்வரங்களுக்கு நடுவே அவர் விட்ட இடைவெளியிலும் இருந்தது.

மறுமுனையில் மெட்டாலிகாவின் 1986 ஆல்பம். கோபன்ஹேகனில், ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில், ஃப்ளெமிங் ராஸ்முசன் பதிவு செய்தது. குழுவில் இரண்டு கிடார் கலைஞர்கள் இருந்தும் ரிதம் அடுக்குகள் அனைத்தையும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே வாசித்தார். காரணம் எளிது: எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடிக்கும் அந்த வலது கையின் கோணமும் விசையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், சுவர்போல ஒட்டிக்கொள்ளும். உங்கள் குழுவில் இரண்டு பேர் வாசித்தாலும் ரிதத்துக்கு யார் கை இறுக்கமோ அவரையே இரண்டு பக்கமும் வாசிக்கச் சொல்லுங்கள். மனவருத்தம் வரும். சோலோவை மற்றவருக்குக் கொடுத்துச் சமாளியுங்கள்.

கேள்வி: ட்யூனரில் பச்சை விளக்கு எரிகிறது. ஒவ்வொரு டிராக்கும் தனியாகக் கேட்டால் சரி. நான்கையும் சேர்த்தால் புளித்த மாவு மாதிரி இருக்கிறது. (சேலம்)

பதில்: ட்யூனர் பொய் சொல்லவில்லை; அதன் பொறுமை அதிகம், அவ்வளவுதான். சாதாரண ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ். இரண்டு டேக்குக்கும் நடுவே 5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் இருந்தால் அடிச்சுருதியில் விலகல் கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. ஆனால் அதே கம்பியின் எட்டாவது மேற்சுரம் (அடிச்சுருதியைப் போல எட்டு மடங்கு அதிர்வு) 659 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே அந்த விலகல் வினாடிக்கு இரண்டு முறை அலைபாயும். சுத்தமான கிடாரில் எட்டாவது மேற்சுரம் மெலிசு. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது) அதைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. சுத்த ஒலியில் மன்னிக்கப்படும் பிழை மெட்டலில் மன்னிக்கப்படாததற்கு இதுதான் காரணம்.

முதலில் பார்க்கவேண்டியது வலது கை. கம்பியை ஓங்கி அடித்தால் ஸ்வரம் சற்று ஏறிய சுருதியில் பிறந்து பிறகு இறங்கி அமரும். வேகமான ரிஃப்பில் அது அமர்வதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. ஆகவே மெதுவாகத் தடவி ட்யூன் செய்துவிட்டு ஓங்கி வாசிக்காதீர்கள். வாசிக்கும் அதே விசையில் அடித்து, ஸ்வரம் பிறக்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறதோ அதைச் சரி செய்யுங்கள். ரிஃப் ஐந்தாம் கட்டையை (ஃப்ரெட்) சுற்றி ஓடுகிறது என்றால் திறந்த கம்பியை விட்டுவிட்டு ஐந்தாம் கட்டையில் வைத்து ட்யூன் செய்யலாம். அந்தப் பகுதிக்கு அதுதான் நியாயம்.

அடுத்தது கம்பியின் கனம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10–46 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஈ ட்யூனிங்குக்கு ஏற்றது. அதைச் சி வரை (65.4 ஹெர்ட்ஸ்) இறக்கினால் கொடிக்கயிறாகத் தொங்கும், ஒவ்வொரு அடிக்கும் சுருதி துள்ளும். 12–56 சுற்றளவில் ஒரு செட் போடுங்கள். கம்பி கனம் மாறினால் பிரிட்ஜில் உள்ள சாடிலையும் (கம்பி உட்காரும் சிறு தாங்கி) சரி செய்தாக வேண்டும்: பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தும் ஸ்வரம், அதே இடத்து ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளி நீளத்தைக் கூட்டுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. கம்பி கழுத்து முனையில் உள்ள நட்டில் சிக்கி ‘டிங்’ என்று நழுவினால் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள்.

இடது பக்கத்தை ஞாயிறன்று புதுக் கம்பியிலும் வலது பக்கத்தை வியாழனன்று பழைய கம்பியிலும் எடுக்காதீர்கள். ஒரு பாட்டின் ரிதம் முழுக்க ஒரே நாளில், ஒரே செட்டில் முடியட்டும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் ட்யூனரைப் பாருங்கள். சலிப்பான வேலைதான்.

கேள்வி: கெயினை முழுக்கத் திருப்பினால்தானே மெட்டல்? (தூத்துக்குடி)

பதில்: ஒற்றைக் கிடாராக மேடையில் நிற்கும்போது சரி. அடுக்கும்போது ஒவ்வொரு டிராக்கின் இரைச்சலும் கூடிக்கொண்டே போகும், பிக் அடி புதைந்துபோகும். தனியாகக் கேட்டால் ‘கொஞ்சம் போதவில்லையே’ என்று தோன்றும் அளவே சேர்த்துக் கேட்கும்போது சரியாக இருக்கும். விதிவிலக்கு உண்டு: ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்த என்டூம்ப்ட் குழுவின் 1990 ஆல்பம். பாஸ் எச்எம்-2 என்ற சின்னப் பெடலின் எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்பிவிடுவதுதான் அந்த மரரம்ப ஒலியின் ரகசியம். அது ஒரு பள்ளி. அதில் சேர்வதென்றால் முழு மனதோடு சேருங்கள்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் பயின்றவள். அயர்ன் மெய்டன் பாடல்களில் இரண்டு கிடாரும் கைகோத்தபடி ஓடுகின்றனவே, அதற்கு என்ன கணக்கு? அதே இரண்டு ஸ்வரத்தையும் ஒரே கிடாரில் டிஸ்டார்ஷனோடு சேர்த்து வாசித்தால் ஏன் கரகரவென்று அசிங்கமாகிறது? (தஞ்சாவூர்)

பதில்: இரண்டு கேள்வியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் கணக்கு. இந்த இணைமெட்டுகளில் பெரும்பான்மை மைனர் ஸ்கேலில் வரும். நேச்சுரல் மைனர் என்றால் உங்களுக்கு நடபைரவி. கீழ்க் கிடார் ஸ, ரி, க, ம என்று ஏறினால் மேல் கிடார் ஒரு ஸ்வரம் தாண்டி க, ம, ப, த என்று ஏறும். ராகத்துக்குள்ளேயே நடப்பதால் இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருக்காது. ஸ–க, ரி–ம, ம–த, ப–நி ஆகிய நான்கு ஜோடிகளில் மூன்று அரைச்சுரம். க–ப, த–ஸ, நி–ரி ஆகிய மூன்றில் நான்கு அரைச்சுரம். சோம்பேறித்தனமாக, சுருதியை மாற்றும் ஒரு பிட்ச் ஷிஃப்டரை ‘மூன்று அரைச்சுரம் மேலே’ என்று கட்டிவைத்தால் எங்கே மாட்டும் என்று உங்களுக்கே தெரியும்: க-வுக்கு மேல் ப வரவேண்டிய இடத்தில் பிரதி மத்தியமம் வந்து நிற்கும். ஸ்கேலைத் தெரிந்து நகரும் ஷிஃப்டர்கள் உண்டு. அவற்றில் அபஸ்வரம் வராது. ஆனால் வைப்ராட்டோவும் பெண்டும் (கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுவது) அச்சு அசலாக நகலாவதால் முதல் கேள்வியில் சொன்ன காப்பி நோய் இங்கேயும் எட்டிப்பார்க்கும்.

இனி கரகரப்பு. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு ஸ்வரம் ஒன்றாக நுழைந்தால், அவை இரண்டோடு அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாக வெளியே வரும். ஸ–ப ஜோடியைப் பாருங்கள். 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் நுழைந்தால் கழித்தல் 55. அது ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸ. யாரும் வாசிக்காத அந்தக் கீழ் ஷட்ஜம் இலவசமாக வருவதால்தான் வெறும் இரண்டு ஸ்வரம் கொண்ட பவர் கார்டு அத்தனை கனமாக இருக்கிறது; மெட்டல் கட்டடமே இந்த அஸ்திவாரத்தில் நிற்கிறது என்று சொல்லலாம். இப்போது ஸ–க. 220-ம் 261.6-ம் நுழைகின்றன. கழித்தல் 41.6, அது எந்த ஸ்தாயி ஸ-வும் இல்லை, க-வும் இல்லை. கூட்டல் 481.6, அது சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவே திரிசங்குவாகத் தொங்கும். இவைபோல இன்னும் பல. கரகரப்பு அவற்றின் கூட்டம்தான்.

அதே இரண்டு ஸ்வரத்தையும் தனித்தனிக் கிடாரில், தனித்தனி ஆம்ப்பில் எடுத்தால் ஒவ்வொன்றும் தன் டிஸ்டார்ஷனுக்குள் தனியாக நுழைகிறது. வெளியே வந்தபிறகு மிக்ஸரில் சேரும்போது புது ஒலி எதுவும் பிறக்காது. மெட்டலில் அடுக்கிப் பதிவு செய்வது ஆடம்பரம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியாது. கார்டுகளுக்கும் இதே வழிதான். முழு மைனர் கார்டு வேண்டுமானால் இடது வலது டிராக்குகளில் ஸ–ப மட்டும் வாசியுங்கள். க-வை மட்டும் மூன்றாவது டிராக்கில், கெயின் குறைத்து, 6 டெசிபல் கீழே வையுங்கள். டிஸ்டார்ஷன் முழுதாக இருக்கும், கார்டும் தெளிவாகக் கேட்கும்.

வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை: கமகத்தைப் போலவே பெண்டும் சொல்லிவைத்தாற்போல ஏறவேண்டும். கீழ்க் கிடார் ஏறி முடித்தபிறகு மேல் கிடார் ஏறினால் நடுவழியில் கேட்பது ஹார்மனி இல்லை. இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்தி, முதல் டிராக்கைக் கேட்டு, அந்த வேகத்தை வாயால் பாடிவிட்டு வாசியுங்கள். உங்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கும்.

கேள்வி: என் பாட்டில் பேஸ் கிடார் காணாமல் போகிறது. அதையும் டபுள் டிராக் செய்யட்டுமா? (மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம். அடுக்கக்கூடாத ஒன்று உண்டென்றால் அது பேஸ்தான். கீழ் ஒலிகளில் இரண்டு வாசிப்பு சேர்ந்தால் சில அடியில் பெருத்தும் சில அடியில் ஒன்றையொன்று விழுங்கியும் வரும். பேஸ் ஒன்றே ஒன்று, நடுவில்.

ஆனால் அந்த ஒரே வாசிப்பை இரண்டாகப் பிரிக்கலாம். டிராக்கை இரண்டு வழிகளில் அனுப்புங்கள். ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் விட்டு, டிஸ்டார்ஷன் இல்லாமல், கம்ப்ரஸரால் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) இறுக்கிப் பிடியுங்கள். இன்னொன்றில் 200-க்கு மேலே உள்ளதை மட்டும் டிஸ்டார்ஷனுக்கு அனுப்பி 800 முதல் 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் சற்று உயர்த்துங்கள். முதலாவது நெஞ்சில் இடிக்கும். இரண்டாவதுதான் போன் ஸ்பீக்கரிலும் பேஸ் இருப்பதைக் காட்டும். சேர்த்ததும் ஒல்லியாகக் கேட்டால் இரண்டாவது வழியின் போலாரிட்டி பட்டனை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்திப் பாருங்கள். டிஸ்டார்ஷன் ப்ளக்கின் உண்டாக்கும் தாமதமும் சேர்ந்து குழப்பலாம். எந்த நிலையில் கீழ் ஒலி தடிமனாக இருக்கிறதோ அதுவே சரி.

பிறகு கிடாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கிடாரைத் தனியாகப் போட்டுக் கேட்டு ‘ஐயோ, மெலிந்துவிட்டதே’ என்று பதறவேண்டாம். நீங்கள் ஆல்பங்களில் கேட்டு வியக்கும் அந்தக் கிடாரின் அடிப்பாகத்தில் பாதி, உண்மையில் பேஸ்.

பேஸ் காணாமல் போனதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் மெட்டாலிகாவின் 1988 ஆல்பம். பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் பெரும்பாலும் ரிதம் கிடாரின் ஸ்வரங்களையே ஒட்டி வாசித்தார். கிடாரோ நடு ஒலிகளைக் குறைத்து, அடியையும் நுனியையும் பெருக்கி வைத்தது. பேஸ் உட்கார இடமே இல்லை. போதாக்குறைக்கு மிக்ஸிங்கில் பேஸைக் குறைக்கச் சொன்னது குழுவே என்று மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: ஒரே கேபினெட்டுக்கு இரண்டு மைக் வைத்தால் ஒரே டேக்கில் இரண்டு அடுக்கு கிடைக்காதா? (புதுச்சேரி)

பதில்: கிடைக்காது. அது ஒரே வாசிப்பின் இரண்டு புகைப்படம். நிறம் மாற்ற உதவும், அகலம் தராது. வைப்பதென்றால் இரண்டும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். 3.4 செ.மீ. முன்பின் ஆனாலே ஒலி 0.1 மில்லிசெகண்ட் தாமதமாகி 5,000 ஹெர்ட்ஸில் ஓட்டை விழும். கிடாரின் கடி இருக்கும் இடம் அது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஷுர் எஸ்எம்57 மைக் ஒன்றை வலைத்துணியிலிருந்து ஒரு அங்குலத்தில், நடுவில் இருக்கும் குமிழ்மூடி கோனோடு சேரும் விளிம்பைப் பார்த்து வையுங்கள். நடுப்பக்கம் நகர்த்தினால் ஒலி கூராகும், ஓரமாக நகர்த்தினால் மங்கும். ஈக்வலைசரைத் தொடுமுன் மைக்கை ஒரு விரல்கடை நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாடகரின் க்ரௌல் (உறுமல் குரல்) நேரில் கேட்டால் மிரட்டுகிறது, பதிவில் ஆள் மெலிந்துவிடுகிறார். ஆக்டேவர் (குரலை ஒரு ஸ்தாயி இறக்கும் கருவி) போட்டுப் பார்த்தோம், பூதம் மாதிரி இருக்கிறது. குரலை எப்படி அடுக்குவது? கும்பலாகக் கத்தும் கோரஸ் எப்படி எடுப்பது? (ஈரோடு)

பதில்: ஆக்டேவர் குரலோடு சேர்த்து வாயின் அளவையும் பெரிதாக்கிவிடும். பூதம் வருவது அதனால்தான். மனிதரையே இன்னொரு முறை கத்த வைப்பதுதான் வழி.

டெத் மெட்டலின் செவ்வியல் முறை: ஒரே வரியை அடித்தொண்டை க்ரௌலாக ஒரு தடவை, மேலே கீச்சிடும் ஸ்க்ரீமாக ஒரு தடவை. அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்து மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவான டீசைட் குழுவின் 1990 ஆல்பத்தைக் கேளுங்கள். பாடகர் க்ளென் பென்டனின் கீழ்க்குரலும் மேல்குரலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லும்போது ஒருவருக்குள் இருவர் இருப்பது போல இருக்கும். இதைச் செய்ய மூன்று டிராக் எடுங்கள். முதன்மைக் குரல் நடுவில். கீழ் அடுக்கு சற்று இடதில், மேல் அடுக்கு சற்று வலதில், இரண்டும் 8 முதல் 10 டெசிபல் கீழே. அடுக்குக் குரலைத் தனியாக இனம் காண முடிந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். மியூட் செய்தவுடன் ‘எதையோ காணோமே’ என்று தோன்றினால் சரியான அளவு. எல்லா வரிக்கும் வைக்காதீர்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் வைத்தாலே போதும் என்று பல பாட்டுகளில் தெரியவரும்.

அடுக்கில் குரலைக் கெடுப்பது உயிரெழுத்து இல்லை, வல்லினம். ‘நெருப்பு’ என்று ஒரு வரி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டிராக்கிலும் ‘ப்பு’ மூன்று கணத்தில் வெடித்தால் பட்டாசுச் சரம்தான். முதன்மைக் குரல் மட்டும் ‘நெருப்பு’ என்று முழுதாகச் சொல்லட்டும். அடுக்குக் குரல்கள் ‘நெரு…’ என்று இழுத்து, ‘ப்பு’வை வாயை மூடி விழுங்கிவிடட்டும். சேர்த்துக் கேட்டால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ‘ச’, ‘ஸ’ வரும் சொற்களுக்கும் இதே விதி. பதிவு முடிந்துவிட்டதென்றால் அடுக்கு டிராக்குகளில் அந்த எழுத்துகளை வெட்டியெடுங்கள், அல்லது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே 4, 5 டெசிபல் குறையுங்கள்.

வரிசையும் முக்கியம். சுத்தமாகப் பாடவேண்டிய பகுதிகளை முதலில் முடித்துவிட்டு க்ரௌலுக்கு வாருங்கள். க்ரௌலில் அதிர்வது முக்கியமாகக் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்கள். முறையாகச் செய்தால் களைப்பு வரும், வலி வராது. வலித்தால் அன்றைய பதிவு முடிந்தது. இருபது நிமிடம் கத்தினால் பத்து நிமிடம் வாய்மூடி உட்காரட்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் மேடைப் பழக்கத்தை ஸ்டுடியோவுக்கு வெளியே விட்டுவரச் சொல்லுங்கள். அது மைக்கின் திசைத்தன்மையைக் கெடுத்து, நடு ஒலியை மூக்கடைத்தாற்போல ஆக்கிவிடும்.

கும்பல் கோரஸுக்கு ஐம்பது பேர் தேவையில்லை. நான்கு பேர், நான்கு டேக்: பதினாறு குரல். மைக்கிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் இடம் மாறுங்கள், குரலையும் மாற்றுங்கள்: ஒருமுறை ஓங்கி, ஒருமுறை கட்டைக்குரலில், ஒருமுறை பாதிப் பேச்சாக. அதே நான்கு பேர் அதே இடத்தில் அதே மாதிரி நான்கு முறை கத்தினால் பதினாறு பேராகக் கேட்காது. எக்கோ போட்ட நான்கு பேராகத்தான் கேட்கும். கிடார் தெரியாத நண்பர் எதற்காவது உதவுவார் என்றால் இதற்குத்தான்.

கேள்வி: டபுள் பேஸ் டிரம் வேகமாகப் போகும்போது எல்லாம் சேர்ந்து கூழாகிறது. (நெல்லை)

பதில்: கூட்டிக் கழித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் பதினாறாம் பங்கு அடிகளுக்கு இடையே இருப்பது 75 மில்லிசெகண்ட்தான். உங்கள் கிக் (காலால் அடிக்கும் பேஸ் டிரம்) ஒலியின் வால் 150 மில்லிசெகண்ட் நீண்டால் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் வாலில் புதைகிறது. வேகமான பகுதிக்கு வால் குறுகிய கிக்கை வையுங்கள், அல்லது ஒலியின் வாலை வெட்டும் ‘கேட்’ கருவி போட்டு நறுக்குங்கள். மெதுவான பகுதிக்குப் பழைய நீளமே இருக்கட்டும். நிஜக் கிக்கோடு ஒரு சாம்பிளை (முன்பே பதிவு செய்த கிக் ஒலியை) அடுக்குவதானால், இரண்டின் அலைவடிவமும் முதல் அசைவில் ஒரே பக்கம் போகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். எதிரெதிராகப் போனால் அடுக்கினபிறகு முன்பைவிட மெலியும்.

கேள்வி: ஆர்கெஸ்ட்ரா சேர்க்க ஆசை. கிடாருக்கு அடியில் எதுவும் கேட்கவில்லை. (யாழ்ப்பாணம்)

பதில்: சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் 1985-லேயே ஃப்ரெஞ்ச் ஹார்னையும் டிம்பனியையும் கொண்டுவந்து வைத்த குழு. மெட்டாலிகா 1999 ஏப்ரலில் பெர்க்லியில் மைக்கேல் கேமன் நடத்த, சான் ஃப்ரான்சிஸ்கோ சிம்ஃபனியோடு வாசித்தது. இவற்றைக் கேட்டுவிட்டுக் கிடாருக்கு மேல் எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்டார்ஷன் கிடார் 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை பாய் விரித்துப் படுத்திருக்கிறது. வயலின்களைக் கிடாரைவிட ஒரு ஸ்தாயி, முடிந்தால் இரண்டு ஸ்தாயி மேலே எழுதினால் தானாகக் கேட்கும். ஹார்ன் கிடாரின் மடியிலேயே உட்காரும் வாத்தியம். ரிஃப் நிற்கும் இடங்களில் அதைப் பேச விடுங்கள். டிம்பனி கிக்கோடு மோதும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அறையின் எதிரொலியை ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் கொடுத்து, ரிதம் கிடாரை உலர்வாக வையுங்கள். இரண்டுக்கும் எதிரொலி கொடுத்தால் கோயில் மண்டபத்தில் லாரி ஓட்டியது போலிருக்கும்.

கேள்வி: ஹெட்ஃபோனில் பிரமாதம். போன் ஸ்பீக்கரில் போட்டால் குரலும் டிரம்ஸும் முன்னால் வந்து கிடார் பின்னால் போய்விடுகிறது. டபுள் டிராக் ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறேன். (சென்னை)

பதில்: ஒழுங்காக எடுத்திருந்தாலும் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும். இடதும் வலதும் ஒன்றாகும்போது, நடுவில் இருக்கும் குரலோடு ஒப்பிட்டால் இரண்டு ஓரத்திலும் நிற்கும் கிடார் ஜோடி ஏறத்தாழ 3 டெசிபல் இறங்கும். அது கணக்கு, தப்பு இல்லை. அதற்கு மேல் இறங்கினால்தான் எங்கோ கோளாறு. மாஸ்டர் டிராக்கை மோனோவாக்கி, கிடார்களை மட்டும் ஒலிக்கவிட்டு, ஒரு பக்கத்தின் போலாரிட்டி பட்டனை அழுத்துங்கள். ஒலி பெரிதாக மாறாவிட்டால் இரண்டும் உண்மையிலேயே தனித்தனி வாசிப்பு. அழுத்தியதும் கிடார் தடித்தால் ஒரு பக்கம் முன்பே தலைகீழாக இருந்திருக்கிறது, அப்படியே விடுங்கள். அழுத்தியதும் ஏறக்குறைய மறைந்தால், எடிட் செய்யும்போது எங்கோ இடது டிராக்கின் நான்கு பாரை வலதுக்கும் ஒட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது இரண்டாவது கோரஸாக இருக்கும். அந்த நான்கு பாரை மறுபடி வாசியுங்கள். கிடார் பஸ்ஸில் (கிடார் டிராக்குகள் எல்லாம் சேரும் வழி) ஒலியை அகலமாக்கும் ஸ்டீரியோ வைடனர் ஏதாவது இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.